ஐரோப்பாவில் மேலாண்மை முதுகலை: விண்ணப்பத்துக்கு முன் நிற்கும் கேள்விகள்

ஐரோப்பாவில் மேலாண்மை முதுகலை படிக்க விரும்பும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் தொடங்குகிறார்கள். தரவரிசைப் பட்டியலைத் திறக்கிறார்கள், மேலே இருக்கும் பத்துப் பெயர்களைக் குறித்துக்கொள்கிறார்கள், எஸ்ஓபி என்ற நோக்கக் கட்டுரையை எழுத உட்காருகிறார்கள். இந்த வரிசையே தவறு என்பது என் கருத்து. இடம் கிடைக்குமா, கிடைத்தால் அது பயன்படுமா என்பதில் பெரும்பகுதி அந்தக் கட்டுரையின் முதல் வரி எழுதப்படுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. நம் இளங்கலைப் பட்டத்தை அந்த நாடு எப்படி எண்ணுகிறது? அங்கே தரப்படும் பட்டத்துக்கு அந்நாட்டுச் சட்டத்தில் என்ன மதிப்பு? படிப்பு முடிந்தபின் எந்த மொழியில் வேலை தேட வேண்டும்? இவற்றுக்கு விடை தெரியாமல் எழுதப்படும் விண்ணப்பம், எவ்வளவு அழகாக இருந்தாலும், தவறான முகவரிக்குப் போய்விடக்கூடும்.

வேலை அனுபவம் இல்லாதவர்களுக்கு மேலாண்மையில் முதுகலை என்ற ஏற்பாடு ஐரோப்பாவில் ஏன் இவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். அமெரிக்க மரபில் எம்பிஏ என்பது சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கானது. ஐரோப்பாவில் வணிகக் கல்வி வேறு பாதையில் வளர்ந்தது. பாரிஸில் ஈஎஸ்சிபி 1819-இலேயே தொடங்கிவிட்டது. உலகின் மிகப் பழைய பிசினஸ் ஸ்கூல் என்று அது தன்னைச் சொல்லிக்கொள்கிறது. எச்இசி பாரிஸை 1881-இல் பாரிஸ் வணிகக் கழகம் நிறுவியது. சுவிட்சர்லாந்தின் சென்ட் காலன் 1898-இல் வந்தது. மிலானின் பொக்கோனி 1902-இல், அடுவா போரில் மகனை இழந்த ஒரு வணிகர் அவன் நினைவாக நிறுவியது. இவை எல்லாமே பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர்களை வணிகத்துக்குத் தயார் செய்யும் இடங்களாகத்தான் தொடங்கின.

பிரான்சில் இந்த ஏற்பாடு இன்னும் இறுக்கமானது. பள்ளி முடித்த மாணவர் இரண்டு ஆண்டு தயாரிப்பு வகுப்பில் கணக்கும் தத்துவமும் மொழிகளும் படித்து, போட்டித் தேர்வு எழுதி, வென்றால் மூன்றாண்டு 'கிராந்த் எகோல்' படிப்பில் சேருவார். ஜெர்மனியில் நாலைந்து ஆண்டுகள் ஒரே மூச்சாகப் படித்து வாங்கும் டிப்ளோம் பட்டம் இருந்தது. இளங்கலை, முதுகலை என்று பிரிவே கிடையாது. 1999-இல் 29 நாடுகளின் கல்வி அமைச்சர்கள் இத்தாலியின் போலோஞா நகரில் கையெழுத்திட்ட பிரகடனம்தான் இதையெல்லாம் மாற்றியது. இளங்கலை, முதுகலை என்ற படிநிலையும், ஓராண்டுப் படிப்புக்கு 60 புள்ளி என்ற ஈசிடிஎஸ் கணக்கும் பொதுவாயின. பழைய நீண்ட பட்டத்தின் பின்பாதி தனி முதுகலையாக வெளியே வந்தது. அந்தப் பின்பாதிக்குள்தான் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் போகும் மாணவர் இன்று நுழைகிறார். எச்இசி போன்ற இடத்தின் முதுகலை வகுப்பில் தயாரிப்பு வகுப்பும் போட்டித் தேர்வும் தாண்டி வந்த பிரெஞ்சு மாணவர்களின் பக்கத்தில், விண்ணப்பக் கோப்பையும் ஜிமேட் நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணையும் நேர்காணலையும் வைத்து எடுக்கப்பட்ட வெளிநாட்டு மாணவர்கள் உட்காருகிறார்கள்.

வெளித்தோற்றம் ஒன்றானாலும் உள்ளே பழைய மரபுகள் அப்படியே இருக்கின்றன. விண்ணப்பதாரர் முதலில் முட்டிக்கொள்வது அங்கேதான்.

இந்திய மூன்றாண்டுப் பட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியக் கணக்கில் அது 180 புள்ளி என்று கொள்ளப்படலாம். ஜெர்மனியில் இளங்கலையும் முதுகலையும் சேர்த்து 300 புள்ளி வரவேண்டும் என்பது வழக்கம். ஆகவே 180 உள்ளவர் 120 புள்ளி கொண்ட இரண்டாண்டு முதுகலைக்குத்தான் பொருந்துவார், ஓராண்டு முதுகலைக்கு அல்ல. பிரான்சின் பல ஓராண்டு எம்எஸ்சி படிப்புகள் நான்காண்டுப் பட்டம் கேட்கின்றன; மூன்றாண்டு பி.காம். படித்தவருக்கு இரண்டாண்டு 'மாஸ்டர் இன் மேனேஜ்மென்ட்' திறந்திருக்கும். நெதர்லாந்தின் ஆய்வுப் பல்கலைக்கழகங்களோ மூன்றாண்டு பி.காம். பட்டத்தைத் தங்கள் இளங்கலைக்குச் சமமாக எளிதில் ஏற்பதில்லை. பி.இ. படித்தவருக்கு ஆண்டுக்கணக்கில் சிக்கல் குறைவு, பாடக்கணக்கில் அதிகம். ஜெர்மனியின் பொதுப் பல்கலைக்கழகங்கள் பலவும் இளங்கலையில் வணிகப் பாடங்களில் இத்தனை புள்ளி, புள்ளியியலில் இத்தனை புள்ளி என்று கேட்கும். நாலு ஆண்டு மெக்கானிக்கல் படித்துவிட்டு, கடைசி ஆண்டில் 'தொழில் மேலாண்மை' என்று ஒரே ஒரு பாடம் எடுத்தவரால் அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாது. அவர் எவ்வளவு திறமையானவர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் பேச்சு. இப்படிப்பட்டவர்களுக்கென்றே தனி வழிகளும் உண்டு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 'மாஸ்டர் இன் மேனேஜ்மென்ட்' பொறியியல், அறிவியல் பட்டதாரிகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. நம் ஊர் பி.இ. மாணவர்கள் மன்ஹைம், கொலோன் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பி நிராகரிக்கப்படுவதற்கு முன் இத்தகைய படிப்புகளைத் தேடுவது நல்லது.

அடுத்தது மதிப்பெண். ஜெர்மனியில் 1.0 உச்சம், 4.0 தேர்ச்சியின் விளிம்பு. வெளிநாட்டு மதிப்பெண்ணை மாற்ற 'பவேரியச் சூத்திரம்' என்ற கணக்கு பரவலாகப் பயன்படுகிறது: உச்ச மதிப்பெண்ணிலிருந்து நாம் வாங்கியதைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். சென்னைப் பல்கலைக்கழக இளங்கலையில் தேர்ச்சி 40. அங்கே 75 வாங்கியவருக்கு இந்தக் கணக்கில் 2.25 வரும். அண்ணா பல்கலைக்கழகத்தில் தேர்ச்சி 50. அதே 75-க்கு 2.5 வரும். தேர்ச்சிக்கு அதிகம் கேட்ட இடத்தில் படித்தவருக்கே கணக்கு பாதகமாகிறது. விண்ணப்பதாரர் செய்யக்கூடியது ஒன்றுதான்: தன் பல்கலைக்கழகத்தின் தேர்ச்சி விதி டிரான்ஸ்கிரிப்டில் தெளிவாக அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பதிவாளர் அலுவலகத்தில் எழுதி வாங்குவது. கூடவே, 2.5-க்கு மேல் போகக்கூடாது என்று எல்லை வைத்திருக்கும் படிப்புக்குத் தன் கணக்கு 2.7 என்று வந்தால் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது. கட்டுரையால் ஈடுசெய்ய முடியாத குறை அது. அரியர் வைத்துப் பின்னர் தேறியவர்கள் மதிப்பெண் பட்டியல்கள் அனைத்தையும் அனுப்பவேண்டியிருக்கும். அதை ஒரு வரியில் நேராகச் சொல்லிவிட்டு மேலே போவதே மேல். மறைக்க முயல்கிறவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

இனி, யாரும் அதிகம் பேசாத விஷயம்: கையில் வரும் பட்டம் சட்டப்படி என்ன?

பிரான்சில் 'மாஸ்டர்' என்ற சொல் விளம்பரத்தில் இருப்பதாலேயே அது அரசு ஏற்ற முதுகலை ஆகிவிடாது. உயர்கல்வி அமைச்சகம் ஒரு படிப்புக்கு 'கிராத் த மாஸ்டர்' என்ற தகுதியை அளித்திருந்தால்தான் அது பல்கலைக்கழக முதுகலைக்கு இணை. 'கிராந்த் எகோல்' படிப்புகளில் முன்னணியில் இருப்பவை இந்தத் தகுதி உடையவை. அதே நிறுவனங்கள் நடத்தும் ஓராண்டு எம்எஸ்சி எல்லாவற்றுக்கும் அது இருப்பதில்லை. சிலவற்றுக்கு 'கிராந்த் எகோல்' மாநாட்டமைப்பின் முத்திரை மட்டும் இருக்கும். வேறு சில, ஆர்என்சிபி என்ற தேசியத் தொழில் தகுதிப் பதிவேட்டில் இடம்பெற்ற சான்றாக மட்டும் இருக்கும். பதிவேட்டில் ஏழாம் நிலை என்று காட்டி முதுகலைக்குச் சமம் எனச் சொல்லும் தனியார் கல்விக்கூடங்கள் பாரிஸில் ஏராளம். வேலை தருபவர் அதை ஏற்கலாம்; ஆனால் படிப்பு முடிந்தபின் தங்கி வேலை தேடும் அனுமதிக்கு எந்தப் பட்டம் செல்லும் என்ற பட்டியல் தனியே இருக்கிறது, பிஎச்டி சேர்க்கைக்கும் இந்தியாவில் இணைச்சான்றுக்கும் கேள்விகள் தனியே எழும். பெற்றோர் நகையை அடகு வைத்துக் கட்டும் பணம் இது. சேரும் முன் ஒரே ஒரு மின்னஞ்சலில், "இந்தப் படிப்புக்கு அமைச்சகத்தின் முதுகலைத் தகுதி உண்டா, எந்த ஆண்டு வரை?" என்று கேட்க ஏன் தயங்க வேண்டும்? நல்ல நிறுவனம் உடனே பதில் சொல்லும்.

ஸ்பெயினிலும் இதே பிரிவு உண்டு. அரசு ஏற்ற 'மாஸ்டர் ஒஃபிசியால்' ஒருபக்கம், பல்கலைக்கழகம் தன் பெயரில் மட்டும் தரும் 'திதுலோ புரோப்பியோ' மறுபக்கம். இரண்டாவதை மோசடி என்று சொல்ல முடியாது. மதிக்கப்படும் நிறுவனங்களே அதைத் தருகின்றன. ஆனால் சட்டப் பயன் வேறு. ஜெர்மனியில் தனியார் உயர்கல்வி நிறுவனம் அரசு அங்கீகாரம் பெற்றதா என்று 'ஹோக்ஷூல்கொம்பாஸ்' தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இவற்றோடு சர்வதேச முத்திரைகளைக் குழப்பிக்கொள்கிறவர்கள் பலர். அமெரிக்காவின் ஏஏசிஎஸ்பி, பிரஸ்ஸல்ஸிலிருந்து வழங்கப்படும் ஈக்விஸ், லண்டனின் ஆம்பா ஆகிய மூன்றையும் பெற்ற நிறுவனங்களை 'டிரிப்பிள் கிரவுன்' என்கிறார்கள். பொதுவாகச் சொன்னால் ஏஏசிஎஸ்பியும் ஈக்விஸும் நிறுவனத்தின் தரத்தைப் பேசுகின்றன. குறிப்பிட்ட ஒரு படிப்பின் சட்டநிலையைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

தரவரிசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பைனான்சியல் டைம்ஸ் 2005 முதல் மேலாண்மை முதுகலைக்குப் பட்டியல் வெளியிடுகிறது. அதில் பெரிய எடை பெறுவது பட்டதாரிகள் படிப்பு முடித்துச் சில ஆண்டுகளில் வாங்கும் சம்பளம். அதுவும் வாங்கும் திறனுக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட டாலரில். விலைவாசி குறைந்த நாட்டில் வாங்கும் சம்பளம் அந்தக் கணக்கில் பெரிதாகத் தெரியும். இந்திய ஐஐஎம்கள் சம்பளப் பத்தியில் உயரமாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பாரிஸ் நிறுவனத்தின் சராசரிச் சம்பளத்தில் பிரெஞ்சு பேசும் உள்ளூர் மாணவரின் சம்பளமும் கலந்திருக்கிறது என்பதைப் பட்டியல் சொல்லாது. எனக்கு அதில் பயனுள்ளதாகப்படுவது ஒன்றுதான்: ஒரு நிறுவனம் பட்டியலில் இடம்பெறவே ஏஏசிஎஸ்பி அல்லது ஈக்விஸ் வேண்டும் என்பதால், முதல் சல்லடையாக அது உதவும்.

பணத்துக்கு வருவோம். 'ஐரோப்பாவில் படிப்பு இலவசம்' என்ற பேச்சு நம் ஊரில் இன்னும் ஓயவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தக் காலம் நாடு நாடாக முடிந்துகொண்டே வந்திருக்கிறது. டென்மார்க் 2006-இல் கட்டணம் கொண்டுவந்தது, ஸ்வீடன் 2011-இல், பின்லாந்து 2017-இல், நார்வே 2023-இல். ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மன்ஹைம் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து புதிதாகச் சேரும் முதுகலை மாணவர்களிடம் படிப்பைப் பொறுத்து ஒரு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ என்று விதித்திருக்கிறது. ஆனாலும் மற்ற ஜெர்மன் மாநிலங்களில் பொதுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கட்டணமில்லாமலே தொடர்கின்றன. பிரான்சின் முன்னணி 'கிராந்த் எகோல்'களில் இரண்டாண்டுக் கட்டணம் ஐம்பதாயிரம் யூரோவை ஒட்டி நிற்கிறது. சென்ட் காலன் அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் அதன் ஒரு சிறு பங்கு. சுவிஸ் வாழ்க்கைச் செலவு அந்த மிச்சத்தை விழுங்கிவிடும்.

கட்டணத்துக்கு அப்பால் விசாவுக்குக் காட்டவேண்டிய தொகையும் உண்டு. ஜெர்மனிக்கு முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும் என்ற நிலை 2024 செப்டம்பரில் வந்தது. பிரான்ஸ் மாதம் 615 யூரோ என்ற கணக்கில் ஆதாரம் கேட்கிறது. பாரிஸில் அந்தத் தொகையில் வாடகையே தேறாது என்பதை அங்கே வாழ்ந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். கடன் கணக்கைத் தூதரகத்தின் குறைந்தபட்சத்தை வைத்துப் போடக்கூடாது.

உதவித்தொகைகளில் நம்மவர்கள் அதிகம் தவறவிடுவது இத்தாலியின் மாநில உதவி. அங்கே குடும்ப வருமானத்தையும் சொத்தையும் பார்த்து, கட்டண விலக்கும் உதவித்தொகையும் விடுதியும் உணவும் வரை கிடைக்கக்கூடும். தாசில்தார் தரும் வருமானச் சான்று முதல் வீட்டுப் பத்திரம் வரை இத்தாலிய மொழியில் பெயர்த்து, சான்றொப்பம் பெற்று அனுப்ப வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலை, ஆனால் மதிப்பெண் சுமாராக இருக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் கதவு திறக்கும் அரிய இடம் அது. பிரெஞ்சு அரசின் ஐஃபெல் உதவித்தொகைக்கு மாணவர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. கல்வி நிறுவனம்தான் பரிந்துரைக்கும். அதனால் அந்த நிறுவனத்தின் முதல் சுற்றிலேயே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முதுகலைக்கு வயது உச்சவரம்பு 25. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் வெளிநாட்டு உயர்கல்வி உதவியும், பட்டியலின மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் தேசிய அயலக உதவித்தொகையும் உண்டு. வருமான வரம்பும் ஏற்கப்படும் பல்கலைக்கழகப் பட்டியலும் மாறக்கூடியவை. அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் படித்துவிட்டுத்தான் நிறுவனங்களையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இப்போதுதான் விண்ணப்பக் கோப்பு. ஜிமேட் 2024 தொடக்கத்திலிருந்து புதிய வடிவில் மட்டும் நடக்கிறது: மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 45 நிமிடம், மதிப்பெண் 205 முதல் 805 வரை. பழைய 700-ஐயும் புதிய 700-ஐயும் ஒப்பிடக்கூடாது. சதவீத நிலையைப் பார்க்க வேண்டும். மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும், ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் இரண்டே ஆண்டு.

கோப்பை யார், எப்படிப் படிக்கிறார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஜெர்மன் பொதுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் புள்ளி அட்டவணை இருக்கும். இளங்கலை மதிப்பெண்ணுக்கு இத்தனை, ஜிமேட்டுக்கு இத்தனை, பயிற்சிப் பணிக்கு இத்தனை. கூட்டி வரிசைப்படுத்துவார்கள். அங்கே உள்ளத்தை உருக்கும் கட்டுரைக்கு வேலையே இல்லை. பயிற்சிப் பணிச் சான்றில் தேதியும் வாரக்கணக்கும் தெளிவாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பிரான்சில் கோப்புக்குப் பிறகு நேர்காணல் உண்டு. பேராசிரியரும் பழைய மாணவரும் உட்கார்ந்து, நீங்கள் எழுதியதிலிருந்தே கேட்பார்கள். அங்கே இரவல் கட்டுரை ஐந்து நிமிடத்தில் வெளுத்துவிடும். 'சிறுவயது முதலே வணிகத்தில் ஆர்வம்' என்று தொடங்கும் கட்டுரைகளைத் தேர்வுக்குழு நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கும். அப்பாவின் ஜவுளிக்கடையில் தீபாவளிச் சரக்கு தேங்கியபோது கணக்கில் என்ன தவறு நடந்தது என்று ஒரு பத்தி எழுதும் பிள்ளையிடம் பேசுவதற்குக் குழுவுக்கு விஷயம் இருக்கும். திருப்பூரிலும் சிவகாசியிலும் வளர்ந்தவர்கள் ஏற்றுமதி, கடன், கூலி, பருவம் எல்லாவற்றையும் வீட்டுத் திண்ணையில் கேட்டு வளர்ந்தவர்கள். அதை விட்டுவிட்டுக் கூகுள் தலைவரின் வாழ்க்கையிலிருந்து உதாரணம் எடுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பரிந்துரைக் கடிதத்தில் நம் கல்லூரி வழக்கம் ஒன்று உண்டு: மாணவரே எழுதிக்கொண்டு போய்த் துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்குவது. நேர்மைக் கேள்வி ஒருபுறம் இருக்க, அது பயனற்றதும்கூட. இரண்டு கடிதங்களும் கட்டுரையும் ஒரே நடையில் இருப்பதைப் படிப்பவர் கண்டுகொள்வார். மாணவரை நன்கறிந்த ஓர் இளைய விரிவுரையாளர் தன் சொற்களில் எழுதும் அரைப்பக்கம், அவர் முகமே தெரியாத முதல்வரின் இரண்டு பக்கத்தைவிட மேல்.

கன்சல்டன்சி பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர்களில் நேர்மையாக உழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஜெர்மன் பொதுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக முகவர்களுக்குத் தரகு தருவதில்லை. தனியார் நிறுவனங்கள் பலவும் தருகின்றன. மாணவரிடம் ஒரு ரூபாயும் வாங்காமல் 'எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்கிற இடத்தில் காட்டப்படும் பட்டியல் எப்படி உருவாகியிருக்கும் என்பதை அங்கேயே, முகத்துக்கு நேரே கேட்டுவிடலாம்.

மொழிதான் இந்த முழுக் கேள்வியின் நடுவில் இருப்பது. படிப்பு ஆங்கிலத்தில் நடக்கும், வேலை ஆங்கிலத்தில் மட்டும் கிடைப்பது அரிது. ஜெர்மனி படிப்புக்குப் பின் 18 மாதம் வேலை தேட விடுகிறது. நெதர்லாந்து ஓராண்டு. அயர்லாந்து முதுகலைக்கு இரண்டாண்டு. இந்திய மாணவர்களுக்கு பிரான்ஸ், 2018-இல் கையெழுத்தான இருநாட்டு ஒப்பந்தத்தின்படி ஓராண்டு அனுமதியை இன்னோர் ஆண்டு நீட்டித்துத் தருகிறது. இந்த மாதங்களை வைத்து நாட்டைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மார்க்கெட்டிங், மனிதவளம், கணக்குத் தணிக்கை ஆகியவற்றில் பிரெஞ்சோ ஜெர்மனோ சரளமாக இல்லாதவருக்கு இரண்டாண்டு அனுமதியும் போதாது. பிரான்சில் 'அல்தெர்னான்ஸ்' என்ற ஏற்பாட்டில் நிறுவனமே கட்டணத்தைக் கட்டி, சம்பளமும் தரும். மாணவர் பாதி நேரம் வகுப்பிலும் பாதி நேரம் வேலையிலும் இருப்பார். ஐம்பதாயிரம் யூரோக் கவலையில் பெரும்பங்கைத் தீர்க்கும் வழி அது. அதற்கான நேர்காணல்கள் பெரும்பாலும் பிரெஞ்சில்தான் நடக்கும். ஜிமேட்டில் இன்னும் இருபது மதிப்பெண் கூட்ட மூன்று மாதம் செலவிடும் மாணவர், அதே மூன்று மாதத்தை அலியான்ஸ் பிரான்சேயிலோ கோதே நிறுவனத்திலோ கழித்தால் அதிகப் பயன் பெறுவார் என்றே நினைக்கிறேன். சென்னையில் இரண்டும் இருக்கின்றன.

காலக்கணக்கும் இதிலிருந்தே வருகிறது. செப்டம்பரில் வகுப்பு தொடங்க வேண்டுமென்றால் முந்தைய ஆண்டு செப்டம்பருக்குள் ஜிமேட் முடிந்திருக்க வேண்டும். பிரெஞ்சு நிறுவனங்களின் முதல் சுற்று இலையுதிர் காலத்திலேயே மூடிவிடும், உதவித்தொகைப் பணமும் அப்போதுதான் அதிகம் இருக்கும். ஜெர்மனிக்கு 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். சான்றிதழ்களின் உண்மையைச் சரிபார்த்துத் தரும் இதற்குக் கட்டணம் 18,000 ரூபாய், சில வாரங்கள் பிடிக்கும். எனவே டிரான்ஸ்கிரிப்டுக்குக் கல்லூரியில் மனுப் போடுவதே முதல் வேலை. பிரான்சுக்கு இடம் கிடைத்தபின் கேம்பஸ் பிரான்ஸ் நேர்காணலைத் தாண்டித்தான் விசா விண்ணப்பம். இடம் கிடைத்த மகிழ்ச்சியில் முன்பணம் கட்டச் சொல்லும் கடிதம் வரும்போது, கடைசிப் பக்கத்தில் இருக்கும் விதியைப் படியுங்கள்: விசா மறுக்கப்பட்டால் அந்தத் தொகை திரும்பக் கிடைக்குமா, எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும், மறுப்புக் கடிதத்தின் நகல் போதுமா. அதற்கு எழுத்தில் பதில் வாங்கிய பிறகு பணத்தை அனுப்பலாம்.